0.4 சதவீதப் பள்ளம்: இது யாருடைய கிரகணம்?

மொட்டைமாடி | 6 செப்டம்பர் 2025, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக டெஸ் விண்தொலைநோக்கியின் முழுச்சட்டப் படங்களிலிருந்து கசியோப்பியா விண்மீன் குழுப் பகுதியில் ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். விண்தொலைநோக்கித் தரவுக் காப்பகமான மாஸ்ட் தளத்தில் 11×11 பிக்சல் துண்டாக வெட்டி எடுப்பேன். பைத்தானில் லைட்கர்வ் நிரல் தொகுப்பை வைத்து 3×3 அபெர்ச்சர் (ஒளியைக் கூட்டும் பிக்சல் சதுரம்) போட்டுக் கூட்டுவேன். இதுவரை பார்த்த நாற்பது சொச்சம் விண்மீன்களிலும் ஒன்றும் சிக்கவில்லை.

நேற்று ஒன்றின் ஒளியில் பள்ளம் விழுந்தது. விண்மீனின் டெஸ் மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) 11.8. 2022 தரவில் 14 பள்ளங்கள் எண்ணினேன். சீராகத் திரும்பும் பள்ளங்களைத் தேடும் பெட்டித் தேடல் முறை சொல்லும் சுற்றுக்காலம் 1.62 நாள். ஆழம் 0.38 சதவீதம், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். 2019 தரவையும் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே இடைவெளியில் அதே ஆழம்.

விண்மீன் சூரியன் அளவு என்று வைத்துக் கணக்குப் போட்டால், மறைக்கும் பொருள் பூமியைப் போல ஆறேழு மடங்கு ஆரம். அதாவது நெப்டியூனைவிடப் பெரியது, சனியைவிடச் சிறியது. கோள்தானே இது? யாரிடம் எப்படித் தெரிவிப்பது? கை நடுங்கிக்கொண்டேதான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

கதிரொளி | 7 செப்டம்பர் 2025, காலை 6.15

வாழ்த்துகள் தம்பி! இரண்டு தனித்தனி ஆண்டுகளில் ஒரே மாதிரி வருகிறது என்றால் கருவிக் கோளாறு இல்லை. உடனே அனுப்பிவிடுங்கள். வேறு யாராவது முந்திக்கொள்ளப் போகிறார்கள்.

இரவுப்பறவை | 7 செப்டம்பர் 2025, காலை 9.02

தம்பி, முதலில் மனதார வாழ்த்துகிறேன். நாற்பது வெறும் வளைவுக்குப் பிறகும் விடாமல் நாற்பத்தொன்றாவதைத் திறந்து பார்த்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். ஆனால் இப்போதைக்கு எங்கும் அனுப்ப வேண்டாம். பள்ளம் உண்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பள்ளம் இந்த விண்மீனுடையதுதானா என்பதுதான் கேள்வி.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு பாகைக்கு 3,600 விகலை). முந்தைய கெப்ளர் விண்தொலைநோக்கிக்கு இது 4 விகலைதான். கேமராவின் திறப்பு வெறும் 10.5 சென்டிமீட்டர். ஒரே நேரத்தில் 24×96 பாகை வானத்தை அள்ள வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். உங்கள் 3×3 அபெர்ச்சர் 63 விகலைச் சதுரம். கசியோப்பியா பால்வீதித் தளத்தில் கிடக்கும் பகுதி. அந்தச் சதுரத்துக்குள் எத்தனை விண்மீன் என்று காயா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் தேடிப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். அத்தனையின் ஒளியும் ஒரே பானையில்தான் விழுகிறது.

5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு. பக்கத்தில் 16.8 மேக்னிட்யூடில் ஒரு மங்கலான 'கிரகண இரட்டை', அதாவது ஒன்றையொன்று சுற்றி மறைக்கும் இரு விண்மீன்கள் ஒரே புள்ளியாக இருந்து, அது ஒவ்வொரு கிரகணத்திலும் பாதி ஒளியை இழந்தால், உங்கள் 11.8 விண்மீனின் வளைவில் அது 0.5 சதவீதப் பள்ளமாகத் தெரியும். பார்வைக்குக் கோள் மாதிரியேதான் இருக்கும்.

எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, இரண்டு நாளுக்கும் குறைவான சுற்றுக்காலத்தில் அந்த அளவுக் கோள்கள் மிக மிக அரிது. அந்த வெற்றிடத்துக்கு 'நெப்டியூன் பாலைவனம்' என்றே பெயர். இரண்டாவது, பள்ளத்தின் அடி எப்படி இருக்கிறது? தட்டையா, கூரா? வளைவைச் சுற்றுக்காலப்படி மடித்து, எல்லாப் பள்ளங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி படமாகப் போடுங்கள்.

மொட்டைமாடி | 7 செப்டம்பர் 2025, இரவு 8.30

அக்கா, மடித்த படம் கீழே இணைத்திருக்கிறேன். அடி தட்டையாக இல்லை. ஆங்கில எழுத்து வி போலக் கூராகத்தான் இருக்கிறது.

காயாவில் 60 விகலை ஆரத்துக்குத் தேடினேன். 58 விண்மீன் வந்து நிற்கிறது. இத்தனை நாளும் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இந்த 58-இல் எதை என்று தேடுவது?

இரவுப்பறவை | 7 செப்டம்பர் 2025, இரவு 10.11

58-ஐயும் தேட வேண்டியதில்லை. ஒரு விண்மீன் கிரகணத்தில் அடியோடு அணைந்தே போனாலும் அதன் மொத்த ஒளிக்கு மேல் இழக்க முடியாது அல்லவா? உங்கள் பள்ளம் 0.0038. அந்த ஒளி விகிதத்துக்கு ஈடான மேக்னிட்யூட் வித்தியாசம் 6.05. ஆகவே 11.8-உடன் 6.05 கூட்டினால் 17.85. அதைவிட மங்கலான எதுவும் இந்தப் பள்ளத்தை உண்டாக்கவே முடியாது. எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

மீதியை வைத்துக்கொண்டு பிக்சல் பிக்சலாகப் பாருங்கள். லைட்கர்வில் ஒவ்வொரு பிக்சலின் வளைவையும் தனித்தனிச் சதுரமாகப் போடும் வசதி உண்டு. பள்ளம் எந்தச் சதுரத்தில் ஆழமாகிறது என்று கண்ணாலேயே தெரியும். அதற்கு அடுத்து வேறுபாட்டுப் படம்: கிரகணத்துக்கு வெளியே எடுத்த சட்டங்களின் சராசரியிலிருந்து கிரகண நேரச் சட்டங்களின் சராசரியைக் கழியுங்கள். மாறாத விண்மீன்கள் எல்லாம் கழிந்து போய், ஒளி குறைந்தது மட்டும் ஒரு புள்ளியாக மிஞ்சும். அந்தப் புள்ளி எங்கே உட்காருகிறது என்பதுதான் விடை.

ஒரு எச்சரிக்கை. டெஸ் பூமிக்குத் தரவு அனுப்பும் இடைவெளிக்கு முன்னும் பின்னும் பூமி, நிலவு இவற்றின் சிதறொளி ஏறும். அந்தச் சட்டங்களை விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேறுபாட்டுப் படத்தில் பின்னணியே புள்ளியாக எழும்பி ஏமாற்றிவிடும்.

அளவுகோல் | 8 செப்டம்பர் 2025, காலை 7.48

இதையெல்லாம் கையால் செய்ய வேண்டுமா? முழுச்சட்டப் படங்களில் இயந்திரக் கற்றலை ஓட்டிக் கிரகண இரட்டைகளை ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டார்களே. ஆறு விண்மீன்கள் மூன்று ஜோடிகளாகச் சுற்றி, மூன்று ஜோடியும் கிரகணம் காட்டும் டிஐசி 168789840 தொகுதி 2021-இல் வெளிவந்ததும் நரம்பு வலைப்பின்னல் வழியாகத்தான்.

இரவுப்பறவை | 8 செப்டம்பர் 2025, காலை 8.20

உண்மைதான் சார், பள்ளத்தைப் பிடிப்பதில் இயந்திரத்தை மிஞ்ச முடியாது. ஆனால் பள்ளம் யாருடையது என்று சொல்லும் வேலையில் இன்னும் மனிதக் கண் தேவைப்படுகிறது. 2025-இல் வந்த டெஸ் பட்டியலில் 10,001 கிரகண இரட்டைகள். தேர்ந்தெடுத்தது இயந்திரம், ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. அவர்கள் உட்கார்ந்து பார்த்ததும் இதே வேறுபாட்டுப் படங்களைத்தான். தம்பி இப்போது செய்வது வீண்வேலை அல்ல.

மொட்டைமாடி | 9 செப்டம்பர் 2025, அதிகாலை 1.55

கிடைத்துவிட்டது!

17.85 கோட்டைப் போட்டதும் 58 பேரில் 9 பேர்தான் மிஞ்சினார்கள். பிக்சல் கட்டத்தைப் போட்டேன். என் விண்மீன் இருக்கும் நடுச் சதுரத்தில் பள்ளம் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை, நேர்கோடு மாதிரி ஓடுகிறது. வடகிழக்கு மூலைச் சதுரத்தில் பள்ளம் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பக்கம் ஒரு பிக்சல் நகர்த்தி, 2 பிக்சல் மட்டும் கொண்ட சின்ன அபெர்ச்சர் போட்டேன். 0.38 சதவீதமாக இருந்த பள்ளம் 3 சதவீதமாக இறங்கியது. சமையலறையில் அம்மா எழுந்துவிடப் போகிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேறுபாட்டுப் படத்தில் ஒரே ஒரு புள்ளி. என் விண்மீனிலிருந்து 27 விகலை தள்ளி. அந்த இடத்தில் காயாவில் இருப்பது 16.3 மேக்னிட்யூட் விண்மீன் ஒன்று.

கோள் இல்லை என்று உறுதியானதும் ஒரு நிமிடம் வருத்தமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் இதுவரை நான் பெயர்கூடப் பார்த்திராத ஒரு புள்ளி திடீரென்று இரண்டு விண்மீன்களாகப் பிரிந்து கண்முன் சுற்றத் தொடங்கியது போல இருந்தது.

கதிரொளி | 9 செப்டம்பர் 2025, காலை 6.40

நான் அவசரப்படச் சொன்னது தப்புதான். ஒரு சந்தேகம் கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 16.3 மேக்னிட்யூட் என்றால் நல்ல பெரிய தொலைநோக்கி இல்லாமல் கண்ணுக்கே தெரியாது. பிரகாசமான கிரகண இரட்டைகள் ஏற்கெனவே ஏராளம் இருக்க, இப்படி மங்கலான ஒன்றைத் தேடிப் பிடிப்பதால் என்ன கிடைக்கும்?

இரவுப்பறவை | 9 செப்டம்பர் 2025, பிற்பகல் 1.30

கேட்க வேண்டிய கேள்விதான் சார். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு விண்மீனின் நிறையையும் ஆரத்தையும் நேரடியாக அளந்து எடுக்க நமக்கு இருக்கும் மிகச் சிறந்த வழி கிரகண இரட்டைதான். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது ஆரங்களைச் சொல்லும். நிறமாலையில் இருவரின் வேகமும் தெரிந்துவிட்டால் நிறை கிடைக்கும். தனி விண்மீன்களின் நிறையை நாம் மதிப்பிடும் கோட்பாடுகள் பலவும் கடைசியில் இந்த அளவீடுகளின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் கோட்பாடு எங்கே இடறுகிறது என்று காட்டியதும் இவைதான். சிஎம் டிராகோனிஸ் என்ற செங்குறுமீன் ஜோடி 1.27 நாளில் ஒன்றையொன்று சுற்றுகிறது. அவற்றின் ஆரம் கோட்பாடு சொல்வதைவிடச் சில சதவீதம் பெரிது. அந்த ஜோடி 13 மேக்னிட்யூடை ஒட்டியது. சிறிய விண்மீன்கள் இயல்பிலேயே மங்கல். பிரகாசமானவற்றை மட்டும் பார்த்தால் நம் பால்வீதியில் பெரும்பான்மையாக இருக்கும் அந்த வகையே விட்டுப்போகும்.

தூரம் அளக்கவும் இவைதான். பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தின் தூரத்தை 2019-இல் ஏறக்குறைய 1 சதவீதத் துல்லியத்தில் சொன்னார்கள்: 49.59 கிலோபார்செக், கிட்டத்தட்ட 1,62,000 ஒளியாண்டு. அதற்குப் பயன்பட்டவை அந்த மேகத்துக்குள் இருக்கும் 20 கிரகண இரட்டைகள். இங்கிருந்து பார்க்கும்போது அவையும் மங்கலான புள்ளிகள்தாம். பேரண்டம் விரியும் வேகத்தைக் கணக்கிடும் ஏணியில் அந்த எண் ஒரு படி.

'மங்கல்' என்றதும் தரவு மோசமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். டெஸ்ஸில் 16.3 மேக்னிட்யூட் விண்மீன் நொடிக்குச் சுமார் 45 எலெக்ட்ரான் தருகிறது. வானப் பின்னணி ஒவ்வொரு பிக்சலிலும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே கொட்டும். என் கணக்கில் 30 நிமிடப் புள்ளி ஒன்றின் பிழை 1.5 முதல் 2 சதவீதம். ஒரு கோளைத் தேட அது போதவே போதாது. ஆனால் 40 சதவீதம் ஒளியை இழக்கும் கிரகணத்துக்கு அது தாராளம். மங்கலான கிரகண இரட்டைகள் நம் கைக்கு எட்டுவது இதனால்தான்.

1783-இல் யார்க் நகரில் ஜான் குட்ரிக் ஒளி மாறும் அல்கோல் விண்மீனின் சுற்றுக்காலத்தைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 18. காது கேளாத இளைஞர். இரவுக்கு இரவு வெறும் கண்ணால் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டே ஏறக்குறைய 2 நாள் 21 மணி நேரம் என்ற கணக்குக்கு வந்துவிட்டார். இருண்ட துணை ஒன்று குறுக்கே போகிறதோ என்ற யோசனையையும் அப்போதே வைத்தார். நான் புதிதாக யாருக்காவது இந்தத் துறையைச் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் அவரைத்தான் சொல்வேன்.

அளவுகோல் | 9 செப்டம்பர் 2025, மாலை 5.05

இடம் தெரிந்துவிட்டது, சரி. சுற்றுக்காலம்? 1.62 நாள் என்று பெட்டித் தேடல் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கிரகண இரட்டையில் ஒரு சுற்றுக்கு இரண்டு கிரகணம். இரண்டும் ஒரே ஆழம் என்றால் தேடும் நிரல் பாதிக் காலத்தைத்தான் கொடுக்கும்.

1.62 சரி என்று வைத்துப் பார்ப்போம். அப்படியானால் ஒரே ஒரு கிரகணம்தான் தெரிகிறது. துணை கிட்டத்தட்ட ஒளியே தராததாக இருக்க வேண்டும், அதே நேரம் 40 சதவீத ஒளியை மறைக்கும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவு நெருக்கமான சுற்றில் அது எளிதில் அமையாது. 3.24 நாள், ஏறக்குறைய சமமான இரு விண்மீன்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒற்றைப்படைப் பள்ளங்களையும் இரட்டைப்படைப் பள்ளங்களையும் தனித்தனியே கூட்டி ஆழத்தை ஒப்பிடுங்கள்.

மொட்டைமாடி | 10 செப்டம்பர் 2025, இரவு 9.17

செய்து பார்த்தேன் சார். பெரிய அபெர்ச்சரில் 0.38, 0.34 என்று வருகிறது. வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இரைச்சல் மாதிரியும் இருக்கிறது.

இரவுப்பறவை | 10 செப்டம்பர் 2025, இரவு 9.44

டெஸ்ஸில் இதற்கு மேல் தலையை உடைக்க வேண்டாம். அமெரிக்காவின் பாலமார் மலையிலிருந்து இசட்.டி.எஃப் என்ற வானளவைக் கேமரா 2018 முதல் வட வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து வருகிறது. பிக்சல் 1 விகலை. 27 விகலை தள்ளி இருக்கும் உங்கள் ஆள் அதில் தனியாக நிற்பார். பிரகாசமான அந்த 11.8 விண்மீன் அதில் கருவியின் எல்லைக்கு மேல் ஒளி கொட்டிச் செறிவடைந்துவிடும், அதன் வளைவைத் தொடாதீர்கள். 16.3 அந்தக் கருவிக்கு மிகச் சுகமான அளவு. தரவு எல்லோருக்கும் இலவசம்.

மொட்டைமாடி | 12 செப்டம்பர் 2025, இரவு 12.30

இரண்டு நாள் தூங்கவில்லை, ஆனால் முடிந்தது.

இசட்.டி.எஃப் சிவப்பு வடிகட்டியில் 600-க்குச் சற்று மேல் புள்ளிகள். மடிக்காமல் பார்த்தால் 16.3-இல் ஒரு பட்டை, அதற்குக் கீழே அங்கங்கே சிதறிய புள்ளிகள், அவ்வளவுதான். 1.6204 நாளில் மடித்தேன். பள்ளம் வந்தது, ஆனால் அடியில் இரண்டு கோடாகப் பிளந்து நின்றது. 3.2408-இல் மடித்ததும் அந்தப் பிளவு மறைந்தது. 0 கட்டத்தில் (சுற்றின் தொடக்கம்) 0.55 மேக்னிட்யூட் ஆழம், 0.5 கட்டத்தில் (பாதிச் சுற்று) 0.48. ஒளியில் சொன்னால் 40 சதவீதம், 36 சதவீதம். பச்சை வடிகட்டியிலும் கிட்டத்தட்ட அதே ஆழங்கள்.

கணக்கும் பொருந்துகிறது அக்கா. 11.8-க்கும் 16.3-க்கும் 4.5 மேக்னிட்யூட், அதாவது 63 மடங்கு. 40 சதவீதத்தை 63-ஆல் வகுத்தால் 0.63. விண்மீன் என் அபெர்ச்சரின் ஓரத்தில் இருப்பதால் அதன் ஒளியில் 60 சதவீதம்தான் உள்ளே விழுகிறது. பெருக்கினால் 0.38. முதல் நாள் நான் பார்த்த அதே எண்!

அளவுகோல் | 12 செப்டம்பர் 2025, காலை 7.10

அருமை. இரண்டாவது கிரகணம் சரியாக 0.5 கட்டத்தில் விழுவதால் சுற்றுப்பாதை ஏறத்தாழ வட்டம். இரு நிறத்திலும் ஆழம் மாறாததால் இரண்டின் வெப்பநிலையும் நெருக்கம்.

இரவுப்பறவை | 12 செப்டம்பர் 2025, காலை 9.30

படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன் தம்பி. இனிப் பட்டியல்களில் தேடுங்கள். ஒளி மாறும் விண்மீன்களின் பன்னாட்டுப் பட்டியலான வி.எஸ்.எக்ஸ், காயாவின் மூன்றாம் வெளியீட்டுக் கிரகண இரட்டைப் பட்டியல் இரண்டும் கட்டாயம். காயா பட்டியலில் மட்டும் 21 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

மொட்டைமாடி | 12 செப்டம்பர் 2025, இரவு 8.05

வி.எஸ்.எக்ஸில் இல்லை. காயாவில் இருக்கிறது அக்கா. ஆனால் சுற்றுக்காலம் 1.62 நாள் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் நான் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது, இல்லையா?

இரவுப்பறவை | 12 செப்டம்பர் 2025, இரவு 8.40

முதலில் பார்த்தது காயா. குறிப்பில் அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆனால் பாதிச் சுற்றுக்காலத்தோடு கிடக்கும் ஒரு பதிவை வைத்து யாரும் நிறை கணக்கிட்டால் எல்லாமே தவறாகப் போகும். சரியான காலம், கிரகண நேரம், அல்கோல் வகை என்ற வகைப்பாடு, இரு ஆழங்கள் இவ்வளவையும் சேர்த்து வி.எஸ்.எக்ஸுக்கு அனுப்புங்கள். அங்கே ஆள் பார்த்துச் சரிசொன்ன பிறகுதான் ஏற்றுவார்கள்.

நேரக் குறிப்பில் மட்டும் ஒன்றுக்கு மூன்று முறை சரிபாருங்கள். கேஐசி 9832227 என்ற ஜோடி 2022-இல் மோதி ஒன்றாகும் என்று 2017-இல் கணித்தார்கள், உலகமே எதிர்பார்த்தது. 2018-இல் அந்தக் கணிப்பு விழுந்தது. பழைய கிரகண நேரம் ஒன்று 12 மணி நேரம் பிசகி அச்சாகியிருந்தது. டெஸ் தரவில் நேரத்தோடு 24,57,000 கூட்ட வேண்டும், இசட்.டி.எஃப்பில் வேறு நாள்முறை. இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்த பிறகே கணக்கு. அடுத்த கிரகணம் ஒன்றை யாராவது நேரில் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தால் இன்னும் உறுதி. நம் ஊரில் கசியோப்பியா நன்றாகத் தெரியும் மாதங்கள் முழுக்க வடகிழக்குப் பருவமழை.

பனிவானம் | 13 செப்டம்பர் 2025, காலை 6.55

வணக்கம், கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன். இழை முழுக்க வாசிச்சன், நல்ல சந்தோசம். கசியோப்பியா இஞ்ச வருசம் முழுக்க மறையாது. என்னட்டை 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருக்கு. நகரத்துக்குள்ள 16.3 கஷ்டம், ஆனா வடக்கால ஒன்றரை மணித்தியாலம் காரில போனால் வானம் இருட்டு. தம்பி, கிரகண நேரங்களைக் கணிச்சுத் தாங்கோ, பாப்பம்.

மொட்டைமாடி | 13 செப்டம்பர் 2025, காலை 10.20

மிக்க நன்றி அண்ணா! நான்கு சுற்று சேர்ந்தால் 12.963 நாள். ஆகவே ஒவ்வொரு 13 நாளுக்கும் கிரகணம் 53 நிமிடம் முன்னதாக வரும். அதை வைத்து உங்கள் ஊர் இரவில் விழுபவற்றை மட்டும் டிசம்பர் வரை பிரித்து அட்டவணையாக அனுப்புகிறேன்.

பனிவானம் | 16 நவம்பர் 2025, மாலை 4.30

ரெண்டு தரம் முகிலால ஏமாந்து போனன். நேற்றிரவு கிடைச்சிட்டுது. 60 செக்கன் படங்கள், பத்துப் பத்தாச் சேர்த்து அளந்தன். கை விறைச்சுப் போச்சு, ஆனா திரையில அந்தப் புள்ளி பக்கத்து விண்மீனைவிட மங்கிக்கொண்டு போனதைக் கண்ணால கண்டன். 16.3-இல இருந்து 16.8 மட்டும் இறங்கி, திரும்ப ஏறினது. நடுநேரம் தம்பி சொன்னதைவிட 7 நிமிசம் முந்தி. என்ர அளவில 4 நிமிசப் பிழை இருக்கலாம். வளைவை இணைச்சிருக்கிறன்.

மொட்டைமாடி | 16 நவம்பர் 2025, இரவு 11.12

அண்ணா, ஒரு மணி நேரமாக அந்த 7 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பிசகு என்னுடையது. என் கணிப்பு சூரியக் குடும்ப மையத்து நேரத்தில் இருக்கிறது, அதைப் பூமி நேரத்துக்கு மாற்றாமலே அட்டவணையில் போட்டுவிட்டேன். நவம்பரில் பூமி சூரியனைவிடக் கசியோப்பியா பக்கம் நெருங்கி நிற்பதால் அந்த ஒளி நம்மை 5 நிமிடம் முன்னதாகவே எட்டிவிடுகிறது. திருத்தினால் மிஞ்சுவது 2 நிமிடம். உங்கள் பிழை எல்லைக்குள் வந்துவிட்டது. திருத்திய அட்டவணையை இணைத்திருக்கிறேன். வி.எஸ்.எக்ஸ் குறிப்பில் உங்கள் நேரத்தையும் சேர்த்து நாளைக் காலை அனுப்புகிறேன்.